சயின்டிஸ்ட்: ஒரு சொல்லின் மேல் 90 ஆண்டு நடந்த வழக்கு

1894இன் கடைசியில் லண்டனில் 'சயன்ஸ் காசிப்' என்ற பத்திரிகையின் ஆசிரியர் கேரிங்டன், அந்தக் காலத்து அறிவியல் உலகின் பெரிய தலைகள் சிலருக்குக் கடிதம் எழுதி ஒரு கேள்வி கேட்டார். 'சயின்டிஸ்ட்' என்ற சொல்லை ஏற்கலாமா, கூடாதா? வந்த பதில்களில் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லியுடையதுதான் இன்றுவரை பேசப்படுகிறது. ஆங்கில மொழியை மதிக்கிற எவருக்கும் மின்சாரம் பாய்ச்சிக் கொல்வதைச் சொல்லும் 'எலக்ட்ரோக்யூஷன்' எவ்வளவு இனிமையான சொல்லோ அவ்வளவுக்கு இதுவும் இனிமையாக இருக்கும் என்று எழுதி அனுப்பினார். ஜான் லபக்கும் வேண்டாம் என்ற கட்சி, பழைய 'ஃபிலாசஃபர்' இருக்க இது எதற்கு என்று. ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் மட்டும், பயாலஜிஸ்ட், ஜியாலஜிஸ்ட், கெமிஸ்ட் எல்லாம் இருக்கும்போது இது மட்டும் ஏன் கூடாது, அதுதான் புழக்கத்துக்கு வந்துவிட்டதே என்ற தோரணையில் பதில் சொன்னார்.

இவர்கள் புதிதாக முளைத்த ஏதோ ஒன்றைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கிறது, இல்லையா? அந்தச் சொல்லுக்கு அப்போதே 60 வயது. அதைச் செய்த வில்லியம் ஹியூவெல், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் தலைமைப் பதவியில் 1841 முதல் 1866 வரை இருந்தவர். ஆனாலும் லண்டனில் பலருக்கு அது அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த கொச்சைச் சொல்.

லத்தீன் வேரை எடுத்து ஆங்கிலத்தில் புதுச் சொல் செய்வதைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக வேர் சரியா, விகுதி ஒட்டுமா, இரண்டு மொழி கலந்துவிட்டதா என்றுதான் பார்ப்பார்கள். இந்தச் சொல்லின் மேல் நடந்த சண்டையும் வெளியே அப்படித்தான் தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் அங்கே தகராறு இலக்கணத்தைப் பற்றியதே இல்லை, அந்தஸ்தைப் பற்றியது என்பது என் கட்சி. அறிவியல் என்பது வசதியுள்ள கனவான்களின் ஈடுபாடா, சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலையா? அந்தக் கேள்வியைத்தான் விகுதியின் தலையில் கட்டி 90 ஆண்டு இழுத்தார்கள்.

கேம்பிரிட்ஜ், 1833

அறிவியல் முன்னேற்றத்துக்கான பிரிட்டிஷ் சங்கம் 1831இல் யார்க் நகரத்தில் தொடங்கியது. ஜெர்மனியில் 1822 முதல் ஆண்டுதோறும் ஊர் ஊராகக் கூடிக்கொண்டிருந்த இயற்கை ஆராய்ச்சியாளர் மாநாட்டைப் பார்த்து வந்த யோசனை அது. மூன்றாவது கூட்டம் 1833 ஜூனில் கேம்பிரிட்ஜில். வேதியியல்காரர், வானியல்காரர், பாறை ஆராய்பவர், செடிகொடி ஆராய்பவர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ். அப்போதுதான் ஒரு சங்கடம் தெரிந்தது: இந்த எல்லாரையும் சேர்த்து என்ன என்று கூப்பிடுவது?

அதுவரை 'நேச்சுரல் ஃபிலாசஃபர்' என்றோ வெறுமனே 'ஃபிலாசஃபர்' என்றோ சொல்லிச் சமாளித்தார்கள். கூட்டத்துக்குக் கவிஞர் கோல்ரிட்ஜ் வந்திருந்தார். 60 வயது, உடம்பு தளர்ந்து போயிருந்தது, அடுத்த ஆண்டே இறந்துவிட்டார். அவர் அந்தப் பெயரை இவர்கள் வைத்துக்கொள்ளக் கூடாது என்று தடுத்துவிட்டார். பாறையை உடைத்துப் பார்ப்பதும் கம்பியில் மின்சாரம் ஓட்டுவதும் தத்துவமா என்ற தொனிதான்.

கோல்ரிட்ஜே லத்தீனில் கைவைத்துச் சொல் செய்தவர் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். 1817இல் வந்த தன் உரைநடை நூலில் 'இன்டென்சிஃபை' என்ற வினையைப் புதிதாகப் போட்டுவிட்டு, அடிக்குறிப்பில் காரணமும் சொல்லியிருக்கிறார். நியூட்டன் காலத்தில் 'இன்டெண்ட்' என்ற வினைக்குத் தீவிரப்படுத்து என்ற பொருள் இருந்தது, இப்போது அது வேறு பொருளுக்குப் போய்விட்டது, அதனால் குழப்பமில்லாமல் சொல்ல இதைத் துணிந்து எழுதுகிறேன், என் காதுக்கே இது கரடுமுரடாகத்தான் இருக்கிறது என்று. சொல்லாக்கத்துக்கு இதைவிட நேர்மையான குறிப்பை நான் படித்ததில்லை. இன்று அந்தச் சொல் வானிலை அறிக்கையில்கூட வருகிறது, கரடுமுரடு என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

அந்தக் கூட்டத்தில் நடந்தது நமக்குத் தெரிவது வில்லியம் ஹியூவெல் எழுதிய ஒரு மதிப்புரையால். 1834 மார்ச் 'குவார்ட்டர்லி ரெவ்யூ' இதழில், அந்தப் பத்திரிகையின் வழக்கப்படி பெயரில்லாமல் வந்தது. மதிப்புரைக்கு எடுத்த புத்தகம் மேரி சோமர்வில் எழுதிய, இயற்பியல் துறைகளுக்கு இடையிலான தொடர்பைச் சொல்லும் நூல். அதைப் பாராட்டுகிற சாக்கில் ஹியூவெல் தன் மனக்குறையை அவிழ்க்கிறார். அறிவியல் ஒரு பெரிய சாம்ராஜ்யம் சிதறுவது போலத் துண்டு துண்டாகப் பிரிகிறது, கணிதக்காரர் வேதியியல்காரரைத் திரும்பிப் பார்ப்பதில்லை, வேதியியல்காரர் இயற்கை ஆராய்பவரைப் பார்ப்பதில்லை, இவர்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒரு பெயர்கூட இல்லை என்கிறார்.

அப்புறம் கேம்பிரிட்ஜில் வந்த யோசனைகளை வரிசையாகச் சொல்கிறார். ஃபிலாசஃபர் ரொம்ப அகலம், ரொம்ப உயரம், கோல்ரிட்ஜும் தடுத்துவிட்டார். பிரெஞ்சுக்காரரின் 'சவான்' (அறிஞர்) கொஞ்சம் தற்பெருமையாக இருக்கிறது, அதோடு அது ஆங்கிலமும் இல்லை. ஜெர்மன்காரரின் 'நாட்டூர்ஃபோர்ஷர்' என்பதை மொழிபெயர்த்துப் பார்த்தால் இயற்கையைக் குத்திப் பார்ப்பவர், இயற்கையை எட்டிப் பார்ப்பவர் என்றெல்லாம் வந்தது, அதைக் கேட்டுக் கோபப்பட்டு ஒதுக்கிவிட்டார்கள். இதற்கு நடுவில் 'ஒரு புத்திசாலிக் கனவான்' எழுந்து, ஆர்ட்டிஸ்ட் என்பதைப் போல சயின்டிஸ்ட் என்று வைத்துக்கொள்ளலாமே, சயோலிஸ்ட், எகனாமிஸ்ட், ஏதீஸ்ட் எல்லாம் இருக்கும்போது இந்த விகுதியைப் பயன்படுத்தத் தயக்கம் எதற்கு என்றாராம். அதை யாரும் ரசிக்கவில்லை என்று முடிக்கிறார்.

அந்தப் புத்திசாலிக் கனவான் ஹியூவெலேதான் என்பது பொதுவாக எல்லாரும் ஏற்றுக்கொண்ட விஷயம். அவர் எடுத்துக்காட்டாகக் கொடுத்த சொற்களைக் கவனியுங்கள். சயோலிஸ்ட் என்றால் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு அளப்பவன், ஏதீஸ்ட் நாத்திகன். தன் சொல்லை உண்மையிலேயே விற்க நினைக்கிற ஆள் இந்த இரண்டையும் பக்கத்தில் நிறுத்துவாரா? பாதிக் கிண்டல்தான் அது. தன் பெயரும் இல்லை, மதிப்புரைக்கும் கையெழுத்து இல்லை, நடுவில் ஒரு சொல்லைத் தூவிவிட்டு என்ன ஆகிறது என்று ஒதுங்கி நின்று பார்க்கிறார்.

இன்னொரு கதையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 'மேன் ஆஃப் சயன்ஸ்' என்ற வழக்கு ஒரு பெண்ணுக்குப் பொருந்தாது, அதனால் மேரி சோமர்வில்லுக்காகவே ஹியூவெல் இந்தச் சொல்லை உருவாக்கினார் என்று ஒரு கதை நன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. மதிப்புரையில் அப்படி எதுவும் இல்லை. சொல் வருகிற இடம் துறைகள் பிரிவதைப் பற்றிய இடம். சோமர்வில் அங்கே வருவது பிரிந்த துறைகளை ஒட்டவைக்கிற புத்தகம் எழுதியவர் என்ற முறையில். அதுவே பெரிய பாராட்டு, அதற்கு மேல் பூச்சு வேண்டியதில்லை.

சொல்லைச் செய்த விதம்

இப்போது தச்சு வேலையைப் பார்ப்போம். (ஹியூவெல் லங்காஸ்டரில் ஒரு தச்சரின் மகன், 1794இல் பிறந்தவர். உதவித்தொகையில் கேம்பிரிட்ஜ் போனவர்.)

லத்தீனில் 'ஸ்கிரே' என்றால் அறிதல். அதன் எச்சம் 'ஸ்கியென்ஸ்', அறிகிற. அது வேற்றுமை ஏற்கும்போது 'ஸ்கியென்டிஸ்' என்று ஆகும், உள்ளே ஒளிந்திருந்த 'ட்' அங்கேதான் வெளியே வரும். அதிலிருந்து 'ஸ்கியென்டியா', அறிவு. பிரெஞ்சு வழியாக அது 'சயன்ஸ்' ஆகி ஆங்கிலத்துக்கு வந்தபோது 'ட்' கரைந்து 'ஸ்' ஆகிவிட்டது. ஆங்கிலச் சொல்லோடு நேராக இஸ்ட் சேர்த்தால் 'சயன்சிஸ்ட்' என்று சீறும். ஹியூவெல் ஒரு படி கீழே இறங்கி, லத்தீன் அடியை எடுத்து, முனையில் இருந்த இயாவை வெட்டிவிட்டு இஸ்டைப் பொருத்தினார். 'சயன்டிஃபிக்' என்ற பெயரடையில் அந்த 'ட்' ஏற்கெனவே ஆங்கிலக் காதுக்குப் பழக்கம் என்பதால் உறுத்தவில்லை.

பண்டிதர்களின் புகார் இங்கேதான் தொடங்குகிறது. இஸ்ட் என்பது கிரேக்க விகுதி. லத்தீன் அதைக் கடன் வாங்கி 'இஸ்டா' ஆக்கியது, பிரெஞ்சு 'இஸ்த்' ஆக்கியது. ஆக லத்தீன் உடம்புக்குக் கிரேக்க வால். அதிலும் உடம்பு முழுசாக இல்லை, பெயர்ச்சொல்லின் பாதியை வெட்டி எடுத்தது. கலப்பு, அதுவும் அரைகுறைக் கலப்பு.

இந்தப் புகாருக்கு ஹியூவெல் 1840இல் பதில் சொன்னார். பதில் என்றுகூடச் சொல்ல முடியாது, புகார் பெரிதாக எழும் முன்பே அதற்கு வேலி போட்டுவிட்டார். அறிவியல் வளரும் முறையைப் பற்றிய தன் பெரிய நூலில் அறிவியல் மொழிக்கென்று தனியாக விதிகள் எழுதியிருக்கிறார். கலைச்சொல் கட்டும்போது மொழியின் வழக்கமான போக்கைக் கூடியவரை மதிக்க வேண்டும், ஆனால் அறிவியலுக்கு வசதிப்படாவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்பது அவற்றில் ஒன்று. ஐஸ், இஸம், இஸ்ட் என்ற விகுதிகள் ஆங்கிலத்தில் எந்த மூலத்துச் சொல்லோடும் ஒட்டுகின்றன என்று காட்ட, ஹீதனிஸம், ஜர்னலிஸ்ட், டொபாக்கோனிஸ்ட் என்று அடுக்குகிறார். ஹீதன் சுத்தமான பழைய ஆங்கிலச் சொல். டொபாக்கோ அமெரிக்கத் தீவுகளிலிருந்து ஸ்பானியர் வாய்வழி வந்தது. அதில் கிரேக்கமும் இல்லை லத்தீனும் இல்லை, ஆனால் புகையிலைக் கடைக்காரரை டொபாக்கோனிஸ்ட் என்று கூப்பிட யாருக்கும் கூச்சமில்லை. ஆகவே வேண்டியபோது இப்படிச் செய்துகொள்ளலாம். 'ஃபிசிஷியன்' மருத்துவருக்குப் போய்விட்டது, அதனால் பௌதிகம் படிப்பவரை ஃபிசிசிஸ்ட் என்கிறேன். பொதுவாக அறிவியலில் உழைப்பவருக்கு ஒரு பெயர் அவசரமாக வேண்டியிருக்கிறது, சயின்டிஸ்ட் என்று அழைக்க எண்ணுகிறேன் என்று எழுதுகிறார்.

ஆறு ஆண்டுக்கு முன்னால் கேலி போல எறிந்த சொல் இப்போது கையெழுத்தோடு வருகிறது. கூடவே ஓர் இணையும் தருகிறார். இசைவாணர், ஓவியர், கவிஞர் எல்லாரும் ஆர்ட்டிஸ்ட் என்றால் கணிதர், பௌதிகர், இயற்கை ஆராய்பவர் எல்லாரும் சயின்டிஸ்ட். சயோலிஸ்டையும் ஏதீஸ்டையும் தூக்கி எறிந்துவிட்டு ஆர்ட்டிஸ்டை மட்டும் வைத்துக்கொண்டார், கெட்டிக்காரர். 'பிளாக்வுட்ஸ்' இதழில் ஒருவர் அதே ஆண்டு லியனார்டோவை உண்மையைத் தேடுகிற சயின்டிஸ்ட் என்றும் இன்னொரு ஓவியரான கொரெஜ்ஜோவை ஆர்ட்டிஸ்ட் என்றும் எதிரெதிரே நிறுத்தி எழுதியிருக்கிறார்.

ஆனால் அத்தோடு நின்றுபோயிற்று. பல பத்தாண்டுகள் இங்கிலாந்தில் யாரும் பெரிதாகத் தொடவில்லை. அறிவியல் அறிஞர்களின் வாயிலும் எழுத்திலும் வந்தது 'மேன் ஆஃப் சயன்ஸ்'தான்.

அதே கையிலிருந்து போன மற்றச் சொற்கள்

ஹியூவெலுக்கு இது ஒரே முயற்சி இல்லை. அந்தக் காலத்தில் பெயர் வேண்டும் என்றால் அவரிடம்தான் போவார்கள். சார்ல்ஸ் லயல் பாறை அடுக்குகளின் காலங்களுக்கு அவரிடம் பெயர் கேட்டார். மைக்கேல் ஃபாரடே 1834இல், அதே மதிப்புரை வந்த கொஞ்ச நாளில், மின்பகுப்பில் வருகிறவற்றுக்குப் பெயர் வேண்டும் என்று கடிதம் எழுதினார். கையில் பல ஜோடிப் பெயர்களை வைத்துக்கொண்டு எதுவும் பிடிக்காமல் தவித்த ஃபாரடேக்கு ஆனோட், கேத்தோட், அயான் எல்லாம் ஹியூவெலிடமிருந்து வந்தன. அவை கிரேக்க வேர். அந்த ஆண்டே ஃபாரடேயின் கட்டுரையில் ஏறி, அச்சாகி, உலகம் முழுக்கப் போய்விட்டன. எந்தக் கனவானும் ஆனோடை எதிர்த்துப் போர்க்கொடி தூக்கவில்லை. ஏன் என்று யோசித்தால், ஆனோட் ஒரு தகட்டின் பெயர். தகட்டுக்கு மானம் மரியாதை கிடையாது.

அதே ஃபாரடேயிடம் ஃபிசிசிஸ்ட் போனபோது கதை மாறியது. என் வாய்க்கும் காதுக்கும் இது ரொம்ப இடைஞ்சலாக இருக்கிறது, என்னால் இதைப் பயன்படுத்தவே முடியாது என்று நினைக்கிறேன் என்று எழுதிவிட்டார். 1843இல் பிளாக்வுட்ஸ் இதழ், இந்தச் சொல்லில் நாலு சீறொலிகள் வெடி மாதிரிப் புஸ்ஸென்று போகின்றன என்று கேலி செய்தது. ஒலி குறித்த புகார் நியாயம்தான், சொல்லிப் பார்த்தால் தெரியும். ஆனால் சீறொலி ஒரு சொல்லைக் கொல்லும் என்றால் இன்று பௌதிகத் துறைக்கே ஆள் இருந்திருக்காது.

ஹியூவெல் எல்லாத் துறையிலும் கைவைத்த ஆள். அறிவியல் அவருடைய பலம், எல்லாம் தெரிந்திருப்பது அவருடைய பலவீனம் என்று சிட்னி ஸ்மித் சொன்னதாக ஒரு நக்கல் உண்டு.

கடலுக்கு அந்தப் பக்கம்

அமெரிக்கர்களுக்கு இந்தக் கூச்சம் இல்லை. 1848இல் அவர்களும் ஓர் அறிவியல் சங்கம் தொடங்கினார்கள், 1863இல் தேசிய அறிவியல் அகாதமி வந்தது, 1876இல் ஆராய்ச்சிக்கென்றே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் திறந்தார்கள். அறிவியலைச் சம்பளத்துக்குச் செய்கிறவர்கள் பெருகினார்கள், பெருகியவர்களுக்குப் பெயர் வேண்டியிருந்தது, சயின்டிஸ்ட் கிடைத்தது, எடுத்துக்கொண்டார்கள். 1870களில் அங்கே அது சாதாரணச் சொல்.

அங்கிருந்து பத்திரிகைகள் வழியாக லண்டனுக்குத் திரும்பி வந்தபோதுதான் சொந்த ஊரிலேயே அதற்கு அமெரிக்கக் கொச்சை என்ற பெயர் கிடைத்தது. கேம்பிரிட்ஜில் பிறந்த சொல்லுக்கு லண்டனில் அடையாள அட்டை கேட்டார்கள்.

இங்கிலாந்திலும் நிலைமை மாறிக்கொண்டுதான் இருந்தது. கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியலுக்குத் தனித் தேர்வு 1848இல் முடிவாகி 1851இல் முதல் முறை நடந்தது. அதற்குப் பாடுபட்டவர்களில் ஹியூவெலும் ஒருவர், ஆக பெயரையும் கொடுத்து, பெயருக்கு உரியவர்களையும் உருவாக்க வழி செய்தார். லண்டன் பல்கலைக்கழகம் 1860இல் பி.எஸ்சி. பட்டம் தந்தது. 1874இல் கேவண்டிஷ் ஆய்வகம் திறந்தது. ஆட்கள் வந்துவிட்டார்கள். பெயரை ஏற்கத்தான் மனம் வரவில்லை.

யார் எதிர்த்தார்கள், யார் எதிர்க்கவில்லை

இப்போது 1894இன் சாட்சிகளுக்குத் திரும்புவோம். லபக் வங்கி முதலாளி, பரம்பரைப் பிரபுப் பட்டம் உள்ள பணக்காரர். எறும்பு ஆராய்ச்சியும் தொல்பொருள் ஆராய்ச்சியும் அவருக்கு ஆசையால் வந்தவை, அதில் காசு பார்க்க வேண்டிய தேவை இல்லை. ஹக்ஸ்லி அதற்கு நேர் எதிர். பள்ளி ஆசிரியரின் மகன், 1854 முதல் சுரங்கக் கல்லூரியில் சம்பளத்துக்குப் பாடம் எடுத்தவர், அறிவியல் ஒரு முறையான தொழிலாக வேண்டும் என்று ஆயுள் முழுக்கப் போராடியவர். அவர் ஏன் எதிர்க்க வேண்டும்? இந்த இடத்தில் என் வாதம் சிக்கலாகிறது என்பது தெரியும். ஆனால் யோசித்துப் பார்த்தால் ஹக்ஸ்லியின் கோபம் எனக்குப் புரிகிறது. கீழிருந்து ஏறி வந்து, மேலே இருப்பவர்களின் மரியாதையை வாங்க இவ்வளவு பாடுபட்டவருக்கு 'மேன் ஆஃப் சயன்ஸ்' என்பது வென்ற பட்டம். அதைக் கழற்றிவிட்டு டொபாக்கோனிஸ்ட், டென்டிஸ்ட், டிரகிஸ்ட் என்று கடைப் பலகையில் தொங்குகிற வரிசையில் போய் உட்காரச் சொன்னால்?

வாலஸுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. 14 வயதோடு பள்ளியை விட்டவர், நில அளவை வேலை பார்த்தவர், மலாய்த் தீவுகளில் பூச்சியும் பறவையும் பிடித்து லண்டனுக்கு அனுப்பி, விற்ற காசில் ஆராய்ச்சி செய்தவர். தொழிற்பெயர் அவருக்கு உறுத்தவில்லை.

புதுச்சொல் என்றாலே ஒவ்வாமை என்றும் இவர்களைப் பற்றிச் சொல்ல முடியாது. கடவுள் உண்டா என்பது அறிய முடியாதது என்பவரைக் குறிக்கும் 'அக்னாஸ்டிக்' என்ற சொல்லை 1869இல் செய்தவரே ஹக்ஸ்லி. பழைய கற்காலம், புதிய கற்காலம் என்று நாம் மொழிபெயர்த்து வைத்திருக்கிற பேலியோலித்திக், நியோலித்திக் இரண்டும் 1865இல் லபக் செய்தவை. கிரேக்க வேருக்குக் கிரேக்கத் துணை, கலப்பில்லை. அப்படியானால் கலப்புதான் உண்மையான புகாரா? கொஞ்சம் இருக்கலாம். ஆனால் எந்த விகுதி எந்த வேரோடு சேரும் என்று முகர்ந்தே சொல்கிற மூக்கு அந்தக் காலத்தில் எங்கே கிடைத்தது? லத்தீனும் கிரேக்கமும் புகட்டுகிற பள்ளிகளில். தானாகப் படித்துத் தேறிய ஹக்ஸ்லி போன்றவர்கள் அதைப் பின்னால் சம்பாதித்துக்கொண்டார்கள். 'இந்தச் சொல் இலக்கணப்படி தப்பு' என்று சொல்வதே நான் எந்த வகுப்பைச் சேர்ந்தவன் என்று காட்டுகிற ஒரு வழி. நம்மூரில் சொல்லாக்கத்தை வைத்து நடந்த சண்டைகளைக் கவனித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

டென்டிஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். லத்தீனில் பல்லுக்கு 'டென்ஸ்', அடி 'டென்ட்', அதோடு அதே வால். கட்டுமானத்தில் சயின்டிஸ்டின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம். பிரெஞ்சிலிருந்து 1750களில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்கும் அடி விழுந்தது. 1759இல் எடின்பரோ பத்திரிகை ஒன்று, இப்போது பேப்பரில் டென்டிஸ்ட் என்றெல்லாம் போடுகிறார்கள், விளம்பரம் தேடுகிற பிரெஞ்சுக்காரனுக்கு அது சரி, நம்மூரில் அந்த வேலை செய்கிற ரட்டர் என்பவருக்குப் பல் பிடுங்குபவர் என்ற பெயரே போதும் என்று நக்கலடித்தது. 1894இல் ஹக்ஸ்லி பல்வலி வந்தால் யாரிடம் போயிருப்பார்? அந்தக் கலப்பு அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. டென்டிஸ்ட் என்ற பெயர் கிடைத்தது அந்தத் தொழில் செய்தவர்களுக்கு உயர்வு. ஃபிலாசஃபருக்கு அதே வால் கிடைத்தது இறக்கம். ஒரே விகுதி, ஒரே கலப்பு.

ஹக்ஸ்லி ஒப்பிட்ட எலக்ட்ரோக்யூஷன் மட்டும் உண்மையிலேயே கோணல் சொல். நியூயார்க் மாநிலம் மின்நாற்காலியைக் கொண்டுவந்தபோது, முதல் தண்டனை நிறைவேறிய 1890க்குச் சற்று முன், பத்திரிகைகளில் முளைத்தது. எக்ஸிக்யூஷன் என்ற சொல்லை உடைத்து வால் பக்கத்தை மின்சாரத்தோடு ஒட்டினார்கள். ஆனால் லத்தீனில் அந்தச் சொல் 'எக்ஸ்', 'செக்வி' என்று பிரியும், இறுதிவரை பின்தொடர்தல் என்று பொருள். 'க்யூஷன்' என்று தனியாக ஒரு துண்டே கிடையாது, எலும்பின் நடுவில் வெட்டிய வெட்டு அது. சயின்டிஸ்டில் குறைந்தபட்சம் மூட்டு பார்த்து வெட்டியிருக்கிறது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தது ஹக்ஸ்லியின் வேகம். அந்தக் கோணல் சொல்லும் சாகவில்லை என்பது வேறு விஷயம்.

சயின்டிஸ்ட் தரப்பில் வாதாட வந்தவர் ஃபிட்ஸ்எட்வர்ட் ஹால். ஆள் சுவாரசியமானவர். அமெரிக்கர், 1846இல் கல்கத்தாவுக்குப் போய், காசியில் அரசு சமஸ்கிருதக் கல்லூரியில் வேலை பார்த்து, சமஸ்கிருத நூல்களைப் பதிப்பித்து, பிறகு லண்டனில் பேராசிரியராக இருந்து, கடைசியில் ஒரு கிராமத்தில் ஒதுங்கி ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குக் காசு வாங்காமல் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர். 1895இல் ஒரு சிறு வெளியீடு போட்டு, தன் வழக்கப்படி பழைய எழுத்திலிருந்து உதாரணங்களைக் குவித்து, எதிர்ப்பாளர்களைக் கிழித்தார். அறிவுப்பூர்வமாகப் பார்த்தால் அன்றே வழக்கு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. 1869இல் தொடங்கிய 'நேச்சர்' இதழ், அதன் முதல் இதழிலேயே ஹக்ஸ்லி முன்னுரை எழுதியது, அந்தச் சொல்லைத் தன் பக்கங்களில் பயன்படுத்துவதைத் தவிர்த்தே வந்தது. 1924இல் நார்மன் கேம்ப்பெல் என்ற பௌதிகர், இன்னும் எவ்வளவு நாளைக்கு இந்த வீம்பு என்ற ரீதியில் ஆசிரியர் ரிச்சர்ட் கிரிகரிக்கு எழுதினார். கிரிகரி பலரிடம் கருத்துக் கேட்டார். மறுபடி அதே பிளவு. முடிவில் இதழ் தானாக அந்தச் சொல்லை எழுதாது, எழுத்தாளர்கள் எழுதினால் தடுக்காது என்று ஒரு சமரசம் வந்தது. ரேடியம், அணுக்கரு, சார்பியல் எல்லாம் வந்துவிட்ட பிறகு 1924இல் இது. யார் எழுதலாம், யார் எழுதக் கூடாது என்று விதி போட்டால் போதும் என்று நினைத்தார்கள் பாருங்கள். கட்டுரை அனுப்புகிறவர்களில் பெரும்பாலோர் அந்தப் பெயரில் சம்பளம் வாங்குகிறவர்கள், அவர்கள் எழுதிக்கொண்டே போனார்கள்.

வழக்கில் சேர்க்க வேண்டிய ஒரு சொல் மிச்சமிருக்கிறது. 1840இன் அதே நூலில் ஹியூவெல் 'கன்சிலியன்ஸ்' என்ற சொல்லையும் செய்தார். லத்தீனில் 'சலிரே' என்றால் குதித்தல், முன்னால் 'கான்' சேர்த்தால் சேர்ந்து குதித்தல். சம்பந்தமில்லாத இரண்டு துறைகளிலிருந்து கிளம்பிய சான்றுகள் ஒரே முடிவில் வந்து குதிப்பதற்கு அவர் வைத்த பெயர். வேரும் லத்தீன், முன்னொட்டும் லத்தீன், விகுதியும் லத்தீன், ஒரு கீறல் இல்லாத வேலை. எந்தப் பண்டிதரும் குறை சொல்லவில்லை. யாரும் பயன்படுத்தவும் இல்லை. அறிவியல் தத்துவம் படிக்கிறவர்களின் அலமாரியில் 150 ஆண்டுக்கு மேல் கிடந்தது. 1998இல் உயிரியலாளர் எட்வர்ட் வில்சன் தன் புத்தகத்துக்கு அதையே தலைப்பாக வைத்தபோது, பெரும்பாலான வாசகர்களுக்கு அது அன்றுதான் பிறந்த சொல்லாகத் தெரிந்தது, அர்த்தத்தை அவர் முதல் பக்கங்களிலேயே விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது.